மன்னிப்புக்கு இன்னும் நாலு பக்கம் கொடுங்கள்

தமிழ்க் கிறிஸ்தவப் பத்திரிகைகளின் ஆசிரியர்களுக்கும், பதிப்பாளர்களுக்கும், பண்டிகை மலருக்குக் கதைப் போட்டி நடத்துகிற சங்கங்களுக்கும்,

தோத்திரம்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். உங்களில் சிலருடைய பத்திரிகை மாதாமாதம் என் மேஜைக்கு வந்துதான் அச்சுக்குப் போகிறது. உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் ஒற்றுப்பிழைகள் எல்லாம் எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் போடுகிற குடும்பக் கதைகளைப் பற்றிப் பேச வேண்டும். காதல் கதை என்று சொன்னால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். குடும்பக் கதை என்றே வைத்துக்கொள்வோம். பிரிந்துபோன புருஷனும் பெண்டாட்டியும் திரும்பச் சேருகிற கதை. விசுவாசம், மன்னிப்பு, கர்த்தர் கொடுத்த இரண்டாம் வாய்ப்பு. உங்களுக்கு அதிகமாக வருவதும் இதுதான், வாசகர்களுக்குப் பிடித்ததும் இதுதான். அதிலே எனக்கு ஒரு குறையும் இல்லை. கெட்ட குமாரன் வீட்டுக்கு வரலாம் என்று நம்புகிறவர்கள் நாம். புருஷன் வரக்கூடாது என்று நான் சொல்வேனா?

ஆனால் அவன் எப்படி வருகிறான் என்று பாருங்கள். அவன் குடிப்பான், அல்லது வெளியூரில் வேறு ஒருத்தியோடு இருப்பான். இங்கே மனைவி முழங்காலில் நிற்பாள். அவள் பெயர் பெரும்பாலும் கிரேஸ். ஊரில் கன்வென்ஷன், அதாவது பந்தல் போட்டு நடத்துகிற நற்செய்திக் கூட்டம், நடக்கும். டீக்கடைக்குப் போகிற வழியில் ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை அவன் காதில் விழும். பந்தலுக்குள் வருவான், அழுவான், அன்று ராத்திரியே வீட்டுக் கதவைத் தட்டுவான். "என்னை மன்னிச்சிரு கிரேஸ்" என்பான். "நான் எப்பவோ மன்னிச்சிட்டேங்க" என்பாள். கதை முடிந்தது. பக்கத்தில் அரை அங்குலம் மீதி இருந்தால் ஒரு வசனம் போட்டு நிரப்பச் சொல்வீர்கள்.

இரண்டு பக்கக் கதையில் ஒன்றரைப் பக்கம் அவன் குடிக்கிறான். அதைக் கொஞ்சம் ரசித்தும் எழுதுகிறார்கள். மனந்திரும்புதலுக்கு ஒரு பத்தி. மன்னிப்புக்கு நாலு வரி. அந்த நாலு வரியை நான் எத்தனை பத்திரிகைக்குத் திருத்திக் கொடுத்திருப்பேன்! பிழை பார்க்கிற வேகத்தில்கூட எனக்கு ஒரு தடவையும் கண்ணில் தண்ணீர் வந்ததில்லை.

நாம் படிக்கிற வேதத்தில் இப்படி அவசரம் இல்லை. யோசேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் 42-ல், ஒருகாலத்தில் அவனை விற்றுவிட்ட சகோதரர்கள் தானியம் வாங்க அவன் முன்னால் வந்து நிற்கிறார்கள். அவர்களை அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கேயே கட்டிப்பிடித்து அழுதிருந்தால் அது நம் பத்திரிகைக் கதை. அவன் அழத்தான் செய்கிறான், ஆனால் அந்தப் பக்கம் போய் மறைந்து அழுகிறான். திரும்பி வந்து சிமியோனைப் பிடித்துக் கட்டிவைக்கிறான். சாக்கில் பணத்தைத் திருப்பி வைக்கச் சொல்கிறான். தம்பியைக் கூட்டிவா என்கிறான். வந்த தம்பியின் சாக்கில் தன் வெள்ளிப் பாத்திரத்தைப் போட வைக்கிறான். 45-ம் அதிகாரத்தில்தான், அடக்க முடியாமல், நான் யோசேப்பு என்று சொல்கிறான். முழுசாக நாலு அதிகாரம்.

பொல்லாத்தனத்துக்காகவா இவ்வளவும்? நடுவில் யூதா பேசுகிற பேச்சைப் படியுங்கள். யோசேப்பை விற்றுவிடலாம் என்று அன்றைக்கு யோசனை சொன்னவனே யூதாதான். இப்போது அதே மாதிரி ஒரு நிலைமை. தகப்பனுக்குச் செல்லமான இளைய பிள்ளை மாட்டிக்கொண்டான், விட்டுவிட்டு ஓடிப்போகலாம். யூதா ஓடவில்லை. பையனை அனுப்பிவிடும், அவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் யோசேப்புக்கு உடைகிறது. இரண்டாம் வாய்ப்பு என்றால் அது. பழைய இடத்துக்கே வந்து நின்று, இந்தத் தடவை வேறு மாதிரி நடந்து காட்டுவது. உங்கள் கதைகளில் கிரேஸின் புருஷனுக்கு அந்த இடம் வருவதே இல்லை. பந்தலில் அழுததோடு அவன் வேலை முடிந்துவிடுகிறது.

அப்படி ஒரு கதை உங்களில் ஒருவருக்கு வந்தது. போட்டிக் கதைகளை டைப் பண்ண எங்களிடம் கொடுத்திருந்தார்கள், அந்தக் கட்டில் கிடந்தது. எழுதியவர் ஒரு தேரிக்காட்டு ஊர்க்காரப் பெண். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

அந்தக் கதையில் புருஷன் குடிகாரன் இல்லை. மனைவியின் பதினோரு பவுனை வாங்கிக்கொண்டு மும்பைக்குப் போய்க் கடை போட்டவன். கடையும் போயிற்று, நகையும் போயிற்று. வெட்கத்தில் ஒன்பது வருஷம் ஒரு கடிதம் போடவில்லை. இவள் ஓலைப்பெட்டி முடைந்து பெண்ணைப் படிக்க வைக்கிறாள், அவனுடைய அம்மாவுக்கும் சோறு போடுகிறாள். ஒருநாள் அவன் வந்து முற்றத்தில் நிற்கிறான். அவள் அழவில்லை, திட்டவில்லை. தட்டில் சோறு போட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போகிறாள்.

அவன் பக்கத்து ஊரில் கொத்தனாருக்குக் கையாளாகச் சேருகிறான். சனிக்கிழமைக் கூலியைக் கவரில் போட்டு அம்மாவிடம் நீட்டுகிறான். கிழவி சொல்கிறாள்: "ஏல, எங்கிட்ட எதுக்கு நீட்டுத? அவ கையில குடு. வாங்குனா வாங்குதா. வாங்காட்டி படியில வச்சிட்டுப் போ." கவர் படியிலேயே இருட்டுகிற வரை கிடக்கிறது. மகள்தான் எடுத்து உள்ளே வைக்கிறாள். அடுத்த வாரமும் அப்படியே. இப்படியே சில மாதம் போகிறது. ஒரு சனிக்கிழமை அவளே வந்து கவரை வாங்குகிறாள். அவன் முன்னாலேயே பிரித்து எண்ணுகிறாள்.

"அம்பது ரூவா குறையுது."

"டீ குடிச்சேன்."

"அம்பது ரூவாய்க்கா?"

"வடையும் தின்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அவனும் பார்க்கவில்லை, கிழவிதான் பார்க்கிறாள். நான் புரூஃபில் படித்த காதல் காட்சிகளில் இதுதான் முதல். கட்டிப்பிடிக்கவில்லை, கண்ணோடு கண் பார்க்கவில்லை, உங்கள் வாலிபப் பிள்ளைகள் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு ராத்திரி குடும்ப ஜெப நேரத்தில் அவள் திண்ணையைப் பார்த்து, "சங்கீதம் வாசிக்க வாரீயளா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. மன்னிப்பு என்ற வார்த்தை அதில் ஒரு இடத்திலும் இல்லை.

அந்தக் கதை திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் ஒரு குறிப்பு: மனைவியின் மனக்கடினம் வாசகர்களுக்கு இடறலாக இருக்கும், முடிவில் மன்னிப்பு ஜெபம் சேர்த்து இரண்டு பக்கத்துக்குள் சுருக்கவும். அவர் சுருக்கவில்லை. நல்லது.

இடறல் யாருக்கு என்பதுதான் என் கேள்வி. ஒன்பது வருஷம் எழுதாமல் இருந்தது இடறலாகப் படவில்லை. சில மாதம் திண்ணையில் உட்கார வைத்தது இடறல்! மனைவி என்றால் கதவைத் தட்டுவதற்கு முன்பே மன்னித்திருக்க வேண்டும் என்று நமக்கு ஒரு எண்ணம். இதற்கு வேதத்திலிருந்து ஓசியா தீர்க்கதரிசியை வேறு துணைக்கு இழுப்பார்கள். ஓசியா பொறுத்துக்கொள்ளவில்லையா என்று மாமனார் மருமகளுக்குப் புத்தி சொல்கிற கதை ஒன்றுக்கு நான்தான் புரூஃப் பார்த்தேன். ஐயாமாரே, ஓசியா ஆம்பளை. துரோகம் பண்ணினது அவன் பெண்டாட்டி. பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து அவளைத் திரும்ப வாங்கி வந்தது புருஷன். அப்படி ஒரு புருஷன் வருகிற கதை இதுவரை என் மேஜைக்கு வரவில்லை. நம் கதைகளில் வழிதவறிய பெண் ஒன்று கிணற்றில் விழுவாள், இல்லையென்றால் தீராத வியாதி வந்து சாவாள். அவளுக்குக் கன்வென்ஷன் பந்தல் கிடையாது.

இந்த வித்தியாசம் சட்டத்திலேயே இருந்தது. 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவப் புருஷன் மனைவியின் விபசாரத்தை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ புருஷனின் விபசாரத்தோடு கொடுமையோ, இரண்டு வருஷம் கைவிட்டதோ, இப்படி இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001-ல்தான் அதைத் திருத்தி இருவருக்கும் ஒரே அளவாக்கினார்கள். நம் குடும்பக் கதைகளுக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

அப்புறம் அடிக்கிற புருஷன். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மன்னிப்பது வேறு, அதே வீட்டுக்குள் போய் அடி வாங்குவது வேறு. மனதில் பகை இல்லாமல் தூரமாக இருக்கலாம்; ஒரு பெண் தன் பிள்ளைகளோடு அம்மா வீட்டில் இருந்துகொண்டே அவனுக்காக ஜெபம் பண்ணலாம். உங்கள் கதைகளில் மன்னிப்பு என்றால் அன்று ராத்திரியே சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவது. ராத்திரி ஓடி வந்தவளுக்குப் போதகரம்மா முதலில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு போன் போட்டுக் கொடுத்துவிட்டு, அப்புறம் முழங்காலில் நிற்கிற ஒரு கதையைப் போடுங்களேன். ஜெபத்துக்கு அதனால் ஒரு குறைவும் வந்துவிடாது. இப்படிப்பட்ட கதையைப் படிக்கிறவர்களில் அன்று ராத்திரி அடி வாங்கினவளும் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தை முடியுங்கள்.

இன்னொரு விஷயம். இரண்டாம் வாய்ப்பு என்றால் பழைய புருஷன் திரும்பி வருவது மட்டும்தானா? கைம்பெண்கள் என்ன ஆனார்கள்? உங்கள் கதைகளில் அவர்கள் வெள்ளைச் சேலையில் காணிக்கை போடுகிறார்கள், மகனை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்குக்கூட நீங்கள் கல்யாண அறிவிப்பான ஓலை வாசித்ததில்லை. மூன்று ஞாயிறு கோயிலில் அவள் பெயரும் ஒரு மனுஷனுடைய பெயரும் சேர்த்து வாசிக்கப்படும்போது, பெண்கள் பக்கத்து வரிசைகளில் எத்தனை தலை திரும்பும், யார் யார் முகம் என்ன சொல்லும், அவள் எந்தப் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்வாள்! எழுதத் தெரிந்தவருக்கு அந்த மூன்று ஞாயிறே ஒரு நாவல். புருஷன் இறந்துவிட்டால் மனைவி கர்த்தருக்குட்பட்ட யாரையும் விவாகம் பண்ணலாம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். பவுலுக்கு இல்லாத தயக்கம் உங்களுக்கு என்ன?

ரூத் யார்? இளம் விதவை, அதிலும் மோவாபிய ஊர்க்காரி. களத்தில் வாற்கோதுமை தூற்றி முடித்த ராத்திரி, போர்வை, பிறகு அவளைக் கட்டிக்கொண்ட போவாஸ் திடுக்கிட்டு எழுவது, விடிவதற்குள் அவளுக்கு வாற்கோதுமை அளந்து போட்டு அனுப்புவது. இன்றைக்கு யாராவது பெயர்களை மாற்றி எழுதி அனுப்பினால் நீங்கள் வெட்டிவிடுவீர்கள். ஆனால் அவள்தான் தாவீது ராஜாவின் பூட்டி. (எங்கள் அச்சகத்தில் கல்யாணக் கார்டுக்கு ரூத்தின் வசனம் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அது மாமியாரிடம் மருமகள் சொன்னது என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் ரொம்பச் சந்தோஷப்படுகிறார்கள், பெண் வீட்டார் வேறு வசனம் தேடுகிறார்கள்.)

ரூத் வரை போவானேன். பாளையங்கோட்டையிலேயே, பேராலயத்தின் ஊசிக்கோபுரம் எழும்புவதற்கு முன்பே கட்டின ஒரு கோயில் இருக்கிறது. 1785-ல் பிரதிஷ்டை ஆனது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்பார்கள். கட்டியவர் கிளாரிந்தா, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு இங்கே வந்து வாழ்ந்தவர். ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கொடுக்க மறுத்தார், கல்யாணம் ஆகாமல் சேர்ந்து இருக்கிறார்கள் என்பதற்காக. அந்த அதிகாரி இறந்தபின் 1778-ல் அதே சுவார்ட்ஸ்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ல் எழுதின சபைப் பதிவேட்டில் 40 பேர், கிளாரிந்தாவும் அதில் ஒருவர். திருநெல்வேலிச் சபையின் ஆரம்பமே, ஒரு விதவைக்கு வந்த அன்பும், சபை அவளுக்கு முதலில் இல்லை என்றதும், பிறகு ஆம் என்றதும்தான். இதைவிட வேறு கரு வேண்டுமா?

இந்தக் கருவை எடுத்து நாவலாக எழுதினவர் பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா. 1915-ல், ஆங்கிலத்தில். அவர் கிறிஸ்தவர் அல்ல. நம் வீட்டுக் கதையை எடுத்து எழுத அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. நாம் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் கிளாரிந்தாவைப் பற்றி ஆண்டுவிழா மலரில் அரைப் பக்கக் கட்டுரையோடு நிறுத்திக்கொள்கிறோம். அதிலும் லிட்டில்டன் பெயர் வருகிற வரியைச் சிலர் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

காதல் கதை போட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்கிற பயம் எனக்குப் புரிகிறது. பிள்ளைகள் நீங்கள் போடுவதற்காகக் காத்திருக்கவில்லை என்பதும் தெரிகிறது. எங்கள் டிடிபி பெண்களே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் நாவல்தான் படிக்கிறார்கள். கடத்திக்கொண்டு போய்த் தாலி கட்டுகிறவன்தான் அதிலே கதாநாயகன். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் அமெரிக்கக் கிறிஸ்தவக் காதல் நாவல்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். அங்கே அது தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. 1979-ல் ஜானெட் ஓக் என்ற கனடாக்காரர், புதுக் குடியேற்றத்துக்குப் போகிற வழியில் புருஷனை இழந்த ஒரு பெண், மனைவியை இழந்து சின்னப் பெண்குழந்தையோடு தவிக்கிற இன்னொருவனைக் கட்டிக்கொண்டு, பிறகு மெல்ல மெல்ல அவனை நேசிப்பதை எழுதினார். 1991-ல் ஃபிரான்சின் ரிவர்ஸ் அதே ஓசியாவைத் தங்கம் தோண்டின கலிஃபோர்னியாவில் கொண்டுபோய் வைத்தார். 1997-லிருந்து காதல் நாவலுக்குப் பேர்போன ஹார்லிக்வின் நிறுவனமே இதற்கென்று தனி வரிசை நடத்துகிறது.

அவற்றை நான் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. அவற்றிலும் மன்னிப்பு மலிவாக வருகிற புத்தகங்கள் நிறைய. எல்லாருக்கும் பண்ணை வீடும் குதிரையும் இருக்கிறது. ஆனால் பனி பெய்கிற ஊரில் கிறிஸ்தவர்கள் எப்படி நேசிப்பார்கள் என்று தெரிந்த பெண்ணுக்கு, உடன்குடியிலும் சுரண்டையிலும் எப்படி நேசிப்பார்கள் என்று படிக்க ஒன்றும் இல்லை. அந்தப் பண்ணை வீட்டுக் கதையில் மாமியார் இல்லை, ஓலை வாசிப்பு இல்லை, சபை விருந்தான அசனத்துக்குக் காய் வெட்டுகிற இடத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்வது இல்லை. ஜாதியும் இல்லை. நம் ஊர்க் காதல் கதையில் ஜாதி வராமல் முடியாது. உங்களில் சிலர் கதையில் அந்தப் பேச்சு வந்தால் கோடு போட்டு அடிக்கிறீர்கள். பின்பக்கத்து மணமகன் தேவை, மணமகள் தேவை விளம்பரத்தில் மட்டும் ஒரு எழுத்துக்கூட அடிப்பதில்லை. இரண்டு பக்கத்துக்கும் புரூஃப் பார்க்கிறவள் ஒருத்திதான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கிறிஸ்துமஸ் மலருக்குக் கதை கேட்டு அறிவிப்புப் போடுகிறபோது, இரண்டு பக்கத்துக்கு மிகாமல் என்கிற வரியை எடுத்துவிடுங்கள். ஆறு பக்கம் வரை வரட்டும். நீளமான கதையைத் தொடராகப் போடுங்கள். வாழ்த்துச் செய்திகளில் நாலைக் குறைத்தால் இடம் கிடைக்கும், ஒரே மாதிரி வாழ்த்தைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். கைம்பெண்ணும் மனைவியை இழந்தவரும் விவாகரத்து ஆனவர்களும் கதாபாத்திரமாக வரலாம் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் யாரும் துணிந்து எழுத மாட்டார்கள். நடுவர் குழுவில் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு பேராவது இருக்கட்டும், அதில் ஒருவர் கைம்பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. மன்னிக்க நாளாகிற மனைவி வந்தால் சிவப்பு மையை எடுப்பதற்கு முன் ஆதியாகமத்தில் அந்த நாலு அதிகாரத்தை ஒரு தடவை படியுங்கள்.

திண்ணைக் கதையை எழுதியவர் அதை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. எட்டுப் பக்கம், அப்படியே போடுவதாக இருந்தால் மட்டும் தருவதாகச் சொல்கிறார். வேண்டுமென்கிறவர்கள் எங்கள் அச்சகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள், நான் கேட்டு வாங்கித் தருகிறேன். அதற்குப் புரூஃப் பார்க்கக் கூலி வேண்டாம்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
புரூஃப் பார்க்கிறவள்,
பாளையங்கோட்டை.